கண்ணாடிப் படகில் எழுபத்தொன்பது கிலோ

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் தேவப்பிரியம் அண்ணாச்சிக்குக் கடவுள் அருளிய வரங்கள் இரண்டு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எத்தனை கிலோ என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். அடுத்தது, சட்டைப் பையில் நூல் கட்டித் தொங்கும் காந்தம். முதல் வரம் பிறவியிலேயே வந்தது. இரண்டாவது மண்ணடி கடைத்தெருவில் வாங்கியது.

தெற்கே நாசரேத்துப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் சித்தப்பா கடைக்கு வந்தவர். வந்த முதல் வாரத்திலேயே ஒரு லாரி ஆக்சிலைப் பார்த்து எடையைச் சொல்லி, சித்தப்பா வாயிலிருந்த டீயைத் துப்ப வைத்தார் என்பது குடும்ப வரலாறு. முப்பத்தேழு வருடங்கள் ஓடிவிட்டன. சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது கடையில் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. அண்ணாச்சி சொன்னதை ஒப்புக்கொள்வதுதான் அதன் வேலை.

பித்தளை என்று சொல்லி வருவதையெல்லாம் காந்தம் விசாரிக்கும். ஒட்டினால் பொய், ஒட்டாவிட்டால் மேல்விசாரணை. இதில் வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. சொந்தக் கல்யாணத்தன்று மாமனார் வீட்டுக் குத்துவிளக்கைத் தொட்டுப் பார்த்தவர் அவர். அடித்தண்டு இரும்பு என்று அவர் அறிவித்ததை மனைவி ஜானட் இன்னும் மன்னிக்கவில்லை.

மனிதர்களையும் விட்டுவைப்பதில்லை என்பதுதான் தொந்தரவு. சபை மூப்பர் ஒருவரின் அடக்கத்தில், பெட்டியைத் தூக்க ஆறு பேர் முன்வந்தபோது, "பெட்டியோட சேத்து எம்பதுக்குள்ளதான் இருக்கும், நாலு பேரு போதும்" என்று ஆறுதலாகச் சொன்னார். அந்தக் குடும்பம் இன்றைக்கும் வேறு பெஞ்சில்தான் உட்காருகிறது.

இன்னொரு குறையும் உண்டு. முகம் மனதில் நிற்காது, சாமான் நிற்கும். "நீங்க அந்த மூடி இல்லாத குக்கர்தானே?" என்று அவர் விசாரித்தால் வாடிக்கையாளர் புரிந்துகொள்ள வேண்டும், அது நலம் விசாரிப்பு.

இப்படிப்பட்ட ஒரு பெரிய மனிதரை அந்தமானுக்கு அழைத்துப் போனது சபையின் குடும்ப ஐக்கிய சங்கம். விமானத்தில் இரண்டு மணி நேரம், மூன்று நாள், தினம் இரண்டு ஜெபம், மற்ற நேரமெல்லாம் தீவு. அண்ணாச்சி தீவுக்காகப் போகவில்லை. மகள் ஜெஸ்லினுக்காகப் போனார். ஜெஸ்லின் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அங்கே கூட வேலை பார்க்கும் நிலவனைப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டாள். நிலவனின் அம்மா ராயபுரத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, அதே சபை. ஊரே அவரை டீச்சர் என்றுதான் சொல்லும். டீச்சர் சம்மதமும் சொல்லவில்லை, மறுப்பும் சொல்லவில்லை. "மூணு நாள் கூட இருந்து பாக்குறேன். அப்புறம் சொல்றேன்" என்றார். ஆக, அந்தமானில் சுற்றிப் பார்க்கப்படப் போவது தீவுகள் அல்ல, தேவப்பிரியம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஜெஸ்லின் அப்பாவை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள்.

"டாடி, என்ன தொழில்னு டீச்சர் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"பழைய இரும்பு."

"இல்ல. மெட்டல் ரீசைக்ளிங்."

"அதுவும் பழைய இரும்புதானம்மா?"

"டாடி!"

"சரி. மெட்டல் ரீசைக்ளிங்."

"யாரையும் பாத்து கிலோ சொல்லக்கூடாது. யாரையும் 'லே' போட்டுப் பேசக்கூடாது. காந்தத்த குடுங்க."

அண்ணாச்சி கொடுத்தார். மனப்பூர்வமாகத்தான் கொடுத்தார், ஏனென்றால் இன்னொன்று இருந்தது.

முதல் நாள் காலை ஓட்டலில் சிற்றுண்டி. டீச்சர் எதிரே அமர்ந்து, படித்தவர்களோடு பேசுகிற தமிழில் அண்ணாச்சி கடலின் அழகைப் புகழ்ந்துகொண்டிருந்தார். "இயற்கை அன்னை" என்று ஆரம்பித்து சாம்பாருக்காகக் குனிந்தார். நிமிர்ந்தபோது, ஓட்டல்காரரின் மலிவு ஸ்பூன் ஒன்று அவர் சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டு நின்றது. மெடல் குத்திய மிலிட்டரிக்காரர் மாதிரி இருந்தார்.

டீச்சர் ஸ்பூனைப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார்.

"பிரஷருக்கு" என்றார் அண்ணாச்சி. "காந்த சிகிச்சை. நெஞ்சுக்குப் பக்கத்துல வெச்சுக்கச் சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"டாக்டரு."

"அப்படியா" என்றார் டீச்சர். முப்பது வருடம் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளிடம் கதை கேட்டவரின் 'அப்படியா' அது. ஜெஸ்லின் தட்டைப் பார்த்தாள். ஜானட் கூரையைப் பார்த்தாள்.

அன்றைக்கு வேறு விபத்து நடக்கவில்லை. மறுநாள்தான் மூன்று தீவு டிக்கெட். காலையில் படகுத்துறையில் கூட்டத்தோடு கூட்டமாக ஐக்கிய சங்கமும் ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. படகு கரையில் இடித்து ஆடிக்கொண்டிருந்தது. படகுக்காரன் ஒருவன் விளிம்பில் காலை ஊன்றி, ஒவ்வொருவராகக் கை கொடுத்து ஏற்றிக்கொண்டிருந்தான். கறுத்து ஒல்லியாக, நாற்பது வயது இருக்கும். தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தான்.

முகம் நிற்காத அண்ணாச்சிக்கு அந்தக் கை நின்றது. வலது கை. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் இல்லை.

"அண்ணாச்சி!" என்று கத்தினான் அவன். படகு, துறை, வரிசை எல்லாம் திரும்பிப் பார்த்தன. "இன்னா அண்ணாச்சி, இங்க வந்துகீறீங்க! என்னைத் தெரியல? தங்கம்! நம்ம கடை தங்கப்பாண்டி! கடை எப்டி கீது? அந்த ஓட்டைத் தராசு இன்னும் கீதா?"

பதினோரு வருடம் கடையில் இருந்தவன் தங்கப்பாண்டி. தகடு வெட்டும் மெஷினில் விரலை விட்டவன். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் மூன்று விரலோடு வேலை பார்த்துவிட்டு, மச்சான் கூப்பிட்டான் என்று அந்தமானுக்குக் கப்பல் ஏறியவன். வழியனுப்பத் துறைமுகம் வரை போனது அண்ணாச்சிதான்.

அண்ணாச்சிக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், டீச்சர் நின்றார். 'ஓட்டைத் தராசு' என்ற சொல் காற்றில் இன்னும் கலையவில்லை. அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். பிறகு வானொலிச் செய்தி வாசிப்பவரின் தமிழில் சொன்னார்:

"தாங்கள் யாரென்று தெரியவில்லையே, தம்பி. ஆள் மாறிவிட்டது போலிருக்கிறது."

தங்கப்பாண்டியின் சிரிப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை. முதலில் கண்ணிலிருந்து போனது, வாயில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அவன் அண்ணாச்சியைப் பார்த்தான், பின்னால் நின்ற டீச்சரைப் பார்த்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்திருந்த ஜெஸ்லினைப் பார்த்தான். ஜெஸ்லினைப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனவன் அவன்தான்.

"சாரி சார்" என்றான். "எங்கூர் ஆளு மாதிரி இருந்தீங்க. பாத்து வாங்க, கால் வழுக்கும்."

கையை நீட்டினான், அதே கையை. அண்ணாச்சி பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது, வேறு வழி இல்லை. மூன்று விரல்களும் அவரை இறுக்கமாக, பத்திரமாகப் பிடித்து உள்ளே விட்டன.

ராஸ் தீவுக்கு அதிகாரபூர்வமாக இப்போது வேறு பெயர் உண்டு. படகுக்காரர்கள் நாக்கில் அது இன்னும் ராஸ்தான். வெள்ளைக்காரன் கட்டிய கட்டடங்களெல்லாம் அங்கே இடிந்து கிடக்கின்றன. ஆலமரத்தின் வேர்கள் சுவர்களை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. பிடியை விட்டால் சுவர் விழும், சுவர் விழுந்தால் மரமும் விழும் என்பதுபோல இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. மான்கள் மனிதர்களை மதிக்காமல் பையைத் துழாவி பன் தின்கின்றன. பார்ப்பவர்கள் வாய் பிளக்கிறார்கள்.

அண்ணாச்சி எதையும் பார்க்கவில்லை. இடிந்த கூரையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த இரும்பு உத்திரங்களைக்கூட அவர் கண் எடை போடவில்லை. வேறொரு நாளாக இருந்தால், "ரெண்டு லோடு தேறும்" என்று தீவையே பேசி முடித்திருப்பார். ஒரு மான் வந்து அவர் சட்டைப் பையை முகர்ந்தது. நாற்பத்திரண்டு கிலோ என்று நாக்கு எழும்பவில்லை. மான் காந்தத்தை நக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ஜானட் பக்கத்தில் வந்தாள். "அது நம்ம தங்கம்தானே?" என்றாள் மெதுவாக.

"ஆமா."

"தெரியலன்னு சொன்னீங்க."

"மக சொன்னால்லா, கடையப் பத்திப் பேசக்கூடாதுன்னு."

"கடையப் பத்தித்தானே சொன்னா?" என்று கேட்டுவிட்டு ஜானட் மானுக்கு பன் கொடுக்கப் போய்விட்டாள்.

மகள் மறைக்கச் சொன்னது தொழிலை. ஆளை மறைத்தது அவரே சொந்தமாகச் சேர்த்துக்கொண்ட சரக்கு. அதைவிட மோசமான ஒரு விஷயமும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சுத்தத் தமிழ் வாயில் அவ்வளவு சரளமாக வந்ததே, அதற்கு யாரும் அவரைப் பழக்கவில்லை.

அடுத்த தீவு நார்த் பே. பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் இருக்கும் படம் இந்தக் கரைதான் என்று வழிகாட்டி அறிவித்ததும், ஐக்கிய சங்கம் மொத்தமும் பர்ஸைத் தடவியது. இங்கே விசேஷம் கண்ணாடிப் படகு. படகின் அடியில் கண்ணாடி பதித்திருக்கும், பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கடலுக்கடியில் இருக்கும் பவளத்தையும் மீனையும் பார்க்கலாம். பெரிய படகில் ஆள் ஏற்றிவிட்டவர்களே இங்கே வந்ததும் கண்ணாடிப் படகை ஓட்டுவார்கள். அண்ணாச்சி குடும்பம், டீச்சர், நிலவன், சபையார் ஐந்து பேர் ஏற வேண்டிய படகில் தங்கப்பாண்டி நின்றுகொண்டிருந்தான்.

"ரெண்டு பக்கமும் சமமா உக்காரணும்" என்றான் எல்லோருக்கும் பொதுவாக. "ஒரு பக்கம் சாஞ்சா கண்ணாடில ஒண்ணும் தெரியாது. இருங்க, நான் சொல்றேன்."

ஒவ்வொருவரையும் ஒரு நொடி பார்த்தான்.

"அய்யா அறுவத்தெட்டு, இந்தாண்ட. தங்கச்சி அம்பத்தி மூணு, அந்தாண்ட. தம்பி எழுவத்தொண்ணு, தங்கச்சிகிட்ட போ."

அண்ணாச்சியின் மயிர்க்கால்கள் நட்டுக்கொண்டன. அறுபத்தெட்டு சரி. ஜெஸ்லின் ஐம்பத்து மூன்று, அதுவும் சரி. நிலவன் எழுபத்தொன்றேகால், போகட்டும். அந்த ஒரு நொடிப் பார்வை, தலையைக் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ப்பது, எல்லாம் அவருடையது.

"எனக்கு எத்தன?" என்று கேட்டார் டீச்சர்.

"எம்பத்தொண்ணரை மேடம். தப்பா எடுத்துக்காதீங்க."

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நாளாக அவர் நாக்கின் நுனியில் வைத்து விழுங்கிக்கொண்டிருந்த அதே எண்பத்தொன்றரை.

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை, கை தட்டினார். "போன வாரம்தான் கிளினிக்ல பாத்தேன். அரைகூடத் தப்பல! எங்கப்பா கத்துக்கிட்ட?"

அண்ணாச்சியின் முறை வந்தது. தங்கப்பாண்டி அவரைப் பார்த்தான், எண் எதுவும் சொல்லவில்லை. "சார், நீங்க அங்க" என்று மட்டும் கை காட்டினான். எஞ்சினைத் தட்டிவிட்ட பிறகுதான் டீச்சருக்குப் பதில் சொன்னான்.

"திருவொத்தியூர்ல ஒரு அண்ணாச்சி கடை மேடம். பழைய இரும்பு. அவுரு கண்ணால பாத்தே கிலோ சொல்லுவாரு. தராசு பொய் சொன்னாலும் அவுரு கண்ணு சொல்லாது. அவுருதான் கத்துக்குடுத்தாரு."

கண்ணாடிப் படகில் ஏறியவர்கள் எல்லோரும் தலை குனிந்துதான் உட்கார வேண்டும். டிக்கெட்டே அதற்குத்தான். அதனால் அண்ணாச்சி தலை குனிந்திருந்ததை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. கீழே நீலமும் மஞ்சளுமாக மீன்கள் போய்க்கொண்டிருந்தன.

"விரல் என்னாச்சு?" என்றார் டீச்சர். தலைமையாசிரியைகள் கேள்வியைப் பாதியில் விடுவதில்லை.

"மெஷின்ல போச்சு மேடம். அந்தக் கடையிலதான். என்மேல தப்பு, பேசிகினே கைய வுட்டேன். ஆட்டோ ஒண்ணும் நிக்கல. அண்ணாச்சியே மீன்பாடி வண்டில என்னை போட்டுகினு, லுங்கி அவுந்தது தெரியாம ஆஸ்பத்திரி வரிக்கும் ஓட்டிகினு போனாரு. ட்ராயரோட உள்ள நொழைஞ்சி டாக்டரண்ட சண்ட போட்டாரு." சிரித்தான். "அந்தக் கலீஜ் ட்ராயர நர்ஸம்மா கூட மறக்கமாட்டாங்க."

படகு சிரித்தது. ஜெஸ்லின் சிரிக்கவில்லை. அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் பெரிய மனுஷர்ப்பா" என்றார் டீச்சர். "நான் திருவொற்றியூர் போனா பாக்கணும். பேரு என்ன?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தங்கப்பாண்டி சுக்கானைப் பிடித்தபடி தூரத்திலிருந்த கலங்கரை விளக்கத்தைப் பார்த்தான்.

"மறந்துட்டேன் மேடம்" என்றான்.

இப்போது 'நான்தான் அது' என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்பது அண்ணாச்சிக்குத் தெரிந்தது. டீச்சருக்குப் பிடித்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் பெரிய மனுஷர் பட்டமும் சம்மதமும் ஒரே படகில் வந்து சேரும். அதனாலேயே வாய் வரவில்லை. கேவலம் என்று தெரிந்தபோது தெரியாது என்று தள்ளிய ஆளை, கௌரவம் என்று தெரிந்ததும் தெரியும் என்று சொன்னால், அப்படிச் சொல்கிறவனை எந்தக் குப்பையில் போடுவது? அதே சமயம், தங்கம் தன் முதலாளியின் பெயரையே மறந்துவிட்டதாக அவருக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறான். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதும் முடியவில்லை.

இத்தனையும் யோசித்து முடிப்பதற்குள் கால்கள் முந்திக்கொண்டன. அண்ணாச்சி விருட்டென்று எழுந்து நின்றார்.

"ஏலே தங்கம்! நான்தாம்லே! எனக்கு உன்னத் தெரியும்லே! காலையில—"

வாழ்நாளில் அவர் கேட்ட ஒரே பாவமன்னிப்பு முழுதாக யார் காதிலும் விழவில்லை. ஏனென்றால் படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஐக்கிய சங்கம் வீறிட்டது. "உக்காருங்க! உக்காருங்கய்யா!" என்று மற்ற ஒன்பது பேரும் கத்தினார்கள். ஒருவர் சத்தமாக ஜெபிக்கவே ஆரம்பித்துவிட்டார். ஜானட் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

தங்கப்பாண்டி மட்டும் கத்தவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு காலை அழுத்தி படகை நேராக்கினான்.

"உக்காருங்க சார்" என்றான். "எழுவத்தொம்பது கிலோ ஒரே பக்கம் எழுந்து நின்னா படகு தாங்காது."

அண்ணாச்சி உட்கார்ந்தார்.

"கடையில எழுவத்தி நாலு இருந்தீங்க" என்றான் பிறகு, எஞ்சின் சத்தத்துக்குள். "காலையில கை குடுத்தப்பவே பாத்துட்டேன். அஞ்சு கிலோ ஏறிட்டீங்க."

மீன்கள் தம் வழியில் போய்க்கொண்டிருந்தன. கரை வரும்வரை எல்லோரும் பணம் கொடுத்ததற்காகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இறங்கியதும் ஜெஸ்லின் தங்கப்பாண்டியிடம் போய் நின்றாள். "தங்கம் மாமா" என்றாள். "இன்னா பாப்பா, இம்மாம் பெருசா வளந்துட்டே" என்றான் அவன். "அம்பத்தி மூணு தாண்டிடாதே." அவளிடம் அவனுடைய பழைய சிரிப்பு முழுதாக வந்தது.

அண்ணாச்சி மணலில் தனியாக நின்றார். டீச்சர் குடையோடு அவரிடம் வந்தார்.

"டீச்சர், மெட்டல் ரீசைக்ளிங்னு சொன்னது..." என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி.

"உங்களுக்கு என்ன கடைன்னு எனக்கு ஆறு மாசம் முன்னாடியே தெரியும் சார். எங்க வீட்டு பழைய கேட்டை உங்க கடையிலதான் போட்டேன். நானேதான் கூட வந்தேன். படகுல பேரு கேட்டதும் தெரியாம இல்ல."

அண்ணாச்சி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆனால் கட்டுப்பாட்டை மீறி வாய் திறந்துகொண்டது.

"பச்சைப் பெயிண்ட்டு. மேல ஈட்டி வெச்சது. நாப்பத்தோரு கிலோ!"

"அதேதான்" என்றார் டீச்சர். "அப்பவும் என் மூஞ்சைப் பாக்கவே இல்ல, கேட்டைத்தான் பாத்தீங்க. சரி, தொழில் பழக்கம்னு விட்டுட்டேன். இரும்பு விக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்ல சார். காலையில அந்தப் பையன் கை நீட்டிக்கிட்டு நின்னான் பாருங்க..." வாக்கியத்தை முடிக்கவில்லை. குடையை மடக்கினார், மறுபடி விரித்தார். "உங்க பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்கு. கல்யாணத்தை வெச்சுக்கலாம். உங்களை எனக்குப் பிடிக்கத்தான் கொஞ்ச நாளாகும்."

மூன்றாவது தீவில் அண்ணாச்சி இறங்கவில்லை. தலைசுற்றல் என்று சொல்லிவிட்டுப் படகிலேயே இருந்தார். தங்கப்பாண்டி கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி கிட்டப் போய் உட்கார்ந்து, பையிலிருந்து காந்தத்தை எடுத்து நீட்டினார். ஏன் நீட்டினார் என்று அவருக்கே தெரியாது, கையில் வேறு எதுவும் இல்லை. "வெச்சுக்கலே." அவன் வாங்கிப் பார்த்தான். "இங்க எல்லாம் ஃபைபர் படகு சார்" என்று சொல்லி, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான்.

கல்யாணம் தை மாதம் நடந்தது. தங்கப்பாண்டிக்கு விமான டிக்கெட் போயிற்று. வந்தான், பெண்ணுக்கு ஆசீர்வாதம் சொன்னான், முன்வரிசையில் உட்கார வைத்தும் பின்னால் போய்ப் பந்தியில் பரிமாறினான். அண்ணாச்சி மூன்று தரம் கூப்பிட்டு உட்கார வைத்தார், மூன்று தரமும் எழுந்து போனான். பழைய ஆட்களோடெல்லாம் "மாமு", "நைனா" என்று கலகலத்தான். அண்ணாச்சி பக்கத்தில் வந்தபோது மட்டும் அவன் தோள் கொஞ்சம் விறைத்துக்கொண்டது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அண்ணாச்சி கோவில் வேப்பமரத்தடியில் நின்று அந்தமானுக்கு ஃபோன் போடுகிறார். கடல் எப்படி, கூட்டம் எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேட்பார். இந்த வாரம் எத்தனை கிலோ இருக்கிறேன் என்று தன் எடையைத் தானே சொல்வார். ஐந்தையும் குறைத்துவிட்டார், எழுபத்து நாலுக்கே வந்துவிட்டார். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொள்வான், எல்லாவற்றுக்கும் பதில் சொல்வான், அவனாக முதலில் ஃபோனை வைக்கமாட்டான்.

"தங்கம், ஒரு தடவை அண்ணாச்சின்னு கூப்புடுலே" என்று போன வாரம் அண்ணாச்சி கேட்டே விட்டார்.

அந்தப் பக்கம் எஞ்சினைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது.

"சரிங்க சார்" என்றான் தங்கப்பாண்டி.